மூலக் கோப்பு முதல் பகிர்வு வரை: திறமூல மென்பொருள்களில் வீடியோ, ஆடியோ வேலை

ஒரு வீடியோவைச் சுருக்கி எழுதும் ஒவ்வொரு முறையும் அதில் இருந்த விவரம் கொஞ்சம் தொலைகிறது. தொலைந்தது எந்த மென்பொருளாலும் திரும்பி வராது. வெட்டுவதற்கு ஒரு முறை, ஒலி சேர்க்க ஒரு முறை, அளவைக் குறைக்க ஒரு முறை, வாட்ஸ்அப்பில் போகும்போது தானாகவே ஒரு முறை என்று நான்கு தடவை சுருங்கிய படத்தில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் எந்த மென்பொருள் நல்லது என்று தேடும் முன், எந்த இடத்தில் சுருக்க வேண்டும், எந்த இடத்தில் சுருக்காமலே வேலையை முடித்துவிடலாம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு 70 நிமிட மேடைப் பேச்சை எடுத்துக்கொள்வோம். படம் ஃபோனில், ஒலி தனி ரெக்கார்டரில் பதிவாகியிருக்கிறது. நொடிக்கு 17 மெகாபிட் எழுதும் ஃபோன் என்றால் மூலக் கோப்பு ஏறக்குறைய 9 ஜிபி இருக்கும். இதை வெட்டி, ஒலியைத் துலக்கி, இரண்டையும் சேர்த்து, 1 ஜிபிக்குள் அடக்கி, தமிழ் வசன வரியோடு வெளியிட வேண்டும்.

பெட்டி வேறு, உள்ளே இருப்பது வேறு

எம்பி4, எம்கேவி, வெப்எம், எம்ஓவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் இருப்பது பெட்டியின் பெயர் மட்டுமே. உள்ளே படம் ஒரு கோடெக்கிலும் (சுருக்கி எழுதும் முறை) ஒலி இன்னொரு கோடெக்கிலும் இருக்கும். படத்துக்கு எச்.264, எச்.265, விபி9, ஏவி1 ஆகியவை புழக்கத்தில் உள்ளன. ஒலிக்கு ஏஏசி, எம்பி3, ஓபஸ், தரம் குறையாத ஃப்ளாக். "என் டிவியில் இந்த எம்பி4 ஓடுகிறது, அந்த எம்பி4 ஓடவில்லை" என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுதான். பெட்டி ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒன்றில் எச்.264, மற்றதில் எச்.265 இருக்கலாம்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. பெட்டியை மட்டும் மாற்றினால் தரம் துளியும் குறையாது, வேலையும் சில நொடிகளில் முடிந்துவிடும். இதை ரீமக்ஸ் என்பார்கள். எம்கேவியை எம்பி4 ஆக்க வேண்டும் என்றதும் கன்வெர்ட்டரைத் திறந்து அரைமணி நேரம் காத்திருப்பவர்கள், பெரும்பாலும் தேவையே இல்லாமல் ஒரு சுற்றுத் தரத்தை இழக்கிறார்கள்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மீடியாஇன்ஃபோ போதும். கோப்பை அதன்மேல் இழுத்துப் போட்டால் கோடெக், பிட்ரேட் (நொடிக்கு எத்தனை பிட்), ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்), ஒலியின் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை மாதிரி) எல்லாம் வரிசையாக வரும். ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியில் கான்ஸ்டன்ட் (மாறாதது) என்று இருக்கிறதா, வேரியபிள் (மாறுவது) என்று இருக்கிறதா என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எவற்றை நிறுவ வேண்டும்

பார்க்க விஎல்சி, விவரம் அறிய மீடியாஇன்ஃபோ, தரம் குறையாமல் வெட்ட லாஸ்லெஸ்கட், ஒலிக்கு ஆடாசிட்டி, தொகுக்கக் கேடென்லைவ், சுருக்க ஹேண்ட்பிரேக், வசன வரிக்கு சப்டைட்டில் எடிட். திரையைப் பதிவு செய்ய வேண்டுமானால் ஓபிஎஸ் ஸ்டூடியோ. இவற்றில் பலவற்றுக்கும் அடியில் ஓடும் இயந்திரம் 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக். கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்கள் அதை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். புதியவருக்கு முதல் மாதம் அது வேண்டாம்.

பதிவிறக்கும்போது அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். தேடலில் விளம்பரமாக மேலே வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள். சொந்தத் தளத்திலும் ஒரு முறை பிசகியதுண்டு. 2017 மே மாதத் தொடக்கத்தில் ஹேண்ட்பிரேக்கின் பதிவிறக்கச் சேவையகங்களில் ஒன்றுக்குள் யாரோ புகுந்து, மேக் பதிப்பின் இடத்தில் தீநிரலைச் செருகி வைத்தார்கள். சில நாட்கள் கழித்துத்தான் அது தெரியவந்தது. தளத்தில் கொடுக்கப்பட்டிருக்கும் ஷா-256 எண்ணோடு (கோப்பின் கைரேகை போன்றது) இறக்கிய கோப்பின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பித்திருப்பார்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஓபிஎஸ் பற்றி ஒன்று மட்டும். பதிவு வடிவமாக எம்கேவியை வையுங்கள். சாதாரண எம்பி4 கோப்பின் பொருளடக்கம் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனாலோ கணினி உறைந்தாலோ அதுவரை பதிவான முழுவதும் திறக்க முடியாத கோப்பாகிவிடும். எம்கேவியில் நின்ற இடம் வரை மிஞ்சும். பதிவு முடிந்தபின் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் போய் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். ரீமக்ஸ் என்பதால் தரம் போகாது.

வெட்டினால் மட்டும் போதுமா?

முன்னும் பின்னும் உள்ள வெற்று நேரத்தை நறுக்கினால் போதும், ஃபோனின் ஒலியே நன்றாக இருக்கிறது என்றால் தொகுப்பு மென்பொருளைத் திறக்கவே வேண்டாம். லாஸ்லெஸ்கட்டில் கோப்பைப் போட்டு, தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். 9 ஜிபி கோப்பானாலும் வட்டு எவ்வளவு வேகமாக எழுதுமோ அவ்வளவு நேரம்தான் ஆகும்.

குறித்த இடத்தில் வெட்டு விழாமல் ஓரிரு நொடி முன்னதாகவே விழுவதைப் பார்த்துப் பலர் மென்பொருளில் பிழை என்று நினைக்கிறார்கள். வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படம் அல்ல. இடையிடையே வரும் கீஃபிரேம் மட்டும் முழுப் படமாக இருக்கும். மற்றவை முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லும். சுருக்காமல் வெட்டும்போது கீஃபிரேமில் மட்டுமே தொடங்க முடியும். ஃபோன் பதிவுகளில் கீஃபிரேம்கள் அடுத்தடுத்து வருவதால் இது பெரிதாகத் தெரியாது. ஏற்கெனவே ஒரு முறை சுருக்கி வந்த கோப்பில் 250 ஃபிரேமுக்கு ஒன்றுதான் இருக்கலாம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் இரண்டு கீஃபிரேமுக்கு இடையே 10 நொடி ஆகிறது. அங்கே துல்லியமான வெட்டு வேண்டுமென்றால் மறுபடி சுருக்குவதைத் தவிர வழியில்லை. பேச்சு தொடங்குவதற்கு முந்தைய அமைதியில் வெட்டுங்கள், இந்தச் சிக்கலே வராது.

ஒலியைத் துலக்குதல்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு காதில் விழவில்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். நேரம் குறைவாக இருந்தால் அதை ஒலிக்கே செலவிடுங்கள்.

பதிவின்போது ஒலியின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையே நிற்கட்டும். 0 டெசிபெலைத் தாண்டினால் அலையின் தலை சீவப்பட்டு, கரகரவென்று கேட்கும். அதைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது. மெல்லிய ஒலியை ஏற்றிக்கொள்ளலாம், சீவப்பட்டதை ஒட்டவைக்க முடியாது. ரெக்கார்டரில் 48,000 ஹெர்ட்ஸ், வேவ் வடிவம் என்று வையுங்கள். வீடியோ உலகம் 48,000இல் ஓடுகிறது. 44,100 இசைத்தட்டிலிருந்து வந்த பழக்கம்.

ஆடாசிட்டியில் கோப்பைத் திறங்கள். வீடியோவிலிருந்து நேராக ஒலியை எடுக்கப் பார்த்து, வடிவம் தெரியவில்லை என்ற செய்தி வந்தால் எஃப்எஃப்எம்பெக் நூலகம் நிறுவப்படவில்லை என்று பொருள். விண்டோஸிலும் மேக்கிலும் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பிறகு இந்த வரிசையில் போங்கள். வரிசை மாறினால் பலனும் மாறும்.

1. ஒலி இடக்காதில் மட்டும் கேட்கிறதா? ஒரு மைக்கை ஸ்டீரியோ ரெக்கார்டரில் செருகினால் அப்படித்தான் ஆகும். ட்ராக்கின் மெனுவில் ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ கொடுத்து, காலியான ட்ராக்கை நீக்குங்கள்.

2. ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்து ஓட்டுங்கள். மேடையில் காலடி அதிர்வு, மைக்கைத் தொடும் இடி, வாகன உறுமல் எல்லாம் இதற்குக் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். பேச்சுக்கு இதனால் சேதமில்லை.

3. இரைச்சல் நீக்கம். யாரும் பேசாமல் விசிறியோ ஏசியோ மட்டும் கேட்கும் ஒரு நொடியைத் தேர்ந்தெடுங்கள். அதில் இருமல், நாற்காலி இழுபடும் ஓசை, பேச்சின் எதிரொலி வால் எதுவும் இருக்கக் கூடாது. நாய்ஸ் ரிடக்‌ஷன் திறந்து கெட் நாய்ஸ் புரொஃபைல் அழுத்துங்கள். இப்போது முழு ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து மறுபடி அதே கருவியைத் திறங்கள். குறைப்பை 6 முதல் 12 டெசிபெலுக்குள் வையுங்கள், சென்சிட்டிவிட்டி 6. ஓட்டுவதற்கு முன் ரெசிட்யூ என்பதைத் தேர்ந்து பிரிவியூ கேளுங்கள். எதை நீக்கப் போகிறது என்பது தனியாகக் கேட்கும். அதில் விசிறி ஓசை மட்டும் இருந்தால் சரி. பேச்சின் துணுக்குகள் காதில் விழுந்தால் அளவு அதிகம், குறையுங்கள். 24 டெசிபெல் வைத்து அமைதியை வாங்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

4. கம்பிரஸர். பலத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது. பேச்சாளர் மைக்கை விட்டு விலகியும் நெருங்கியும் பேசியிருந்தால் தேவை. திரெஷோல்ட் (எந்த அளவுக்கு மேல் குறைப்பது) மைனஸ் 18, விகிதம் 3க்கு 1 என்று தொடங்கிக் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் நீக்கத்துக்கு முன் இதைச் செய்தால் இடைவெளிகளில் இரைச்சலும் சேர்ந்து ஏறும். அதனால்தான் நான்காவது இடம்.

5. லவுட்னெஸ் நார்மலைசேஷன். இணையத்தில் கேட்கும் பேச்சுக்கு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) பொருத்தமானது. திறக்கும் சாளரத்தில் முதலில் நிற்கும் மைனஸ் 23 ஒலிபரப்புக்கானது, ஃபோன் ஸ்பீக்கரில் சன்னமாகக் கேட்கும். மோனோ ட்ராக் என்றால் ட்ரீட் மோனோ அஸ் டூயல்-மோனோ என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு 3 டெசிபெல் பிசகும்.

6. உச்சங்களை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத லிமிட்டரை மைனஸ் 1 டெசிபெலில் வையுங்கள். முந்தைய படியில் உச்சங்கள் 0ஐத் தாண்டியிருந்தால் கவலை வேண்டாம். ஆடாசிட்டி உள்ளுக்குள் 32-பிட் ஃப்ளோட்டில் வேலை செய்வதால் ஏற்றுமதி செய்யும் வரை எதுவும் சீவப்படாது.

முடிந்ததும் 48,000 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 70 நிமிட மோனோ 16-பிட்டில் ஏறக்குறைய 403 எம்பி வரும். இடம் போதாவிட்டால் ஃப்ளாக். எம்பி3 இந்த இடத்தில் வேண்டாம், அது கடைசிப் படிக்கு உரியது. இன்னொன்று: சேவ் கொடுத்தால் கிடைக்கும் ஏயுபி3 ஆடாசிட்டியின் திட்டக் கோப்பு. அதை நண்பருக்கு அனுப்பினால் அவர் பிளேயரில் ஓடாது.

படத்தையும் ஒலியையும் சேர்த்தல்

கேடென்லைவைத் திறந்ததும் புராஜெக்ட் செட்டிங்ஸில் ஃபிரேம் ரேட்டை மூலக் கோப்போடு பொருத்துங்கள். மூலம் 30 என்றால் 30. முதல் கிளிப்பைச் சேர்க்கும்போது மென்பொருளே மாற்றட்டுமா என்று கேட்கும், சம்மதியுங்கள்.

மீடியாஇன்ஃபோவில் வேரியபிள் என்று குறித்துக்கொண்டவர்கள் இங்கே நிற்க வேண்டும். ஃபோன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கும். தொகுப்பு மென்பொருள் எல்லா ஃபிரேமும் சம இடைவெளி என்று எண்ணிக்கொள்வதால், தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவு போகப்போக விலகும். கேடென்லைவ் இதைக் கண்டுபிடித்து, தொகுக்க ஏற்ற வடிவத்துக்கு மாற்றவா என்று கேட்கும். அதை ஏற்றுக்கொள்ளலாம். இல்லையேல் ஹேண்ட்பிரேக்கில் ஃபிரேம் ரேட்டைக் கான்ஸ்டன்ட் ஆக்கி, தரத்தை ஆர்எஃப் 15 போல (எண் குறைந்தால் தரம் கூடும், பின்னால் விளக்கம் வரும்) மிக உயர்வாக வைத்து ஓர் இடைநிலைக் கோப்பு எடுங்கள். இதுவும் ஒரு சுருக்கம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு. கோப்பு பெருத்துவிடும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

இரண்டு ஒலிகளையும் பொருத்த, படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே கேமராவுக்கு முன்னால் ஒரு முறை கை தட்டுவது பழைய வழி. இன்றைக்கும் அதுதான் நம்பகமானது. முடிவிலும் ஒரு தட்டு இருந்தால் இன்னும் நல்லது. கேடென்லைவில் ஃபோன் கிளிப்பின் ஒலியை வலது சொடுக்கி செட் ஆடியோ ரெஃபரன்ஸ் கொடுங்கள். பிறகு ரெக்கார்டர் ஒலியை வலது சொடுக்கி அலைன் ஆடியோ டு ரெஃபரன்ஸ். இரண்டு அலைகளையும் ஒப்பிட்டு அதுவே நகர்த்திவிடும். சரியாக உட்கார்ந்ததும் ஃபோன் ஒலியை மட்டும் ஊமையாக்குங்கள். அழிக்க வேண்டாம், பின்னால் சரிபார்க்க உதவும்.

தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்தியும் 60ஆவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம் போகிறதா? இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 70 நிமிட முடிவில் 0.21 நொடி விலகல். நொடிக்கு 25 ஃபிரேமில் அது ஐந்து ஃபிரேம், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். எளிய வழி: பேச்சின் இடைவெளிகளில் பதினைந்து நிமிடத்துக்கு ஓரிடமாக ஒலியை வெட்டி, ஓரிரு ஃபிரேம் நகர்த்துங்கள். அமைதியில் வெட்டியது யாருக்கும் கேட்காது.

வெட்டுவதற்கு எக்ஸ் விசை ரேஸரைத் தரும், எஸ் விசை தேர்வுக் கருவிக்குத் திரும்பும். கணினி திணறினால் புராஜெக்ட் செட்டிங்ஸில் பிராக்ஸி கிளிப்புகளை இயக்குங்கள். தொகுக்கும்போது சிறிய நகல்கள் ஓடும், கடைசி ரெண்டரில் (தொகுத்ததை ஒரே வீடியோவாக எழுதுவது) மூலமே பயன்படும். திட்டக் கோப்புக்குள் வீடியோ எதுவும் இல்லை. எந்தக் கோப்பில் எங்கே வெட்டு என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. அதனால் மூலக் கோப்புகளின் கோப்புறையை நடுவில் பெயர் மாற்றினால் டைம்லைன் முழுக்கச் சிவப்பாகிவிடும். வேறு கணினிக்கு எடுத்துப் போக ஆர்கைவ் புராஜெக்ட் உண்டு.

ரெண்டரில் எச்.264 எம்பி4ஐத் தேர்ந்து தரத்தை உயர்வாக வைத்து ஒரு மாஸ்டர் எடுங்கள். 5, 6 ஜிபி வந்தாலும் வரட்டும். இனி எந்த நகல் வேண்டுமானாலும் இந்த மாஸ்டரிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். நகலிலிருந்து நகல் எடுக்கக் கூடாது.

ஹேண்ட்பிரேக்கில் சுருக்குதல்

மாஸ்டரைத் திறந்து ஜெனரல் பிரிவில் ஃபாஸ்ட் 1080பி30 பிரீசெட்டை (முன்கூட்டியே அமைத்த அளவுகளின் தொகுப்பு) தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து மாற்ற வேண்டியவை சிலதான்.

சம்மரி தாளில் வெப் ஆப்டிமைஸ்ட் கட்டத்தில் டிக் போடுங்கள். முன்பு சொன்ன எம்பி4 பொருளடக்கத்தை இது கோப்பின் வாலிலிருந்து தலைக்குக் கொண்டுவரும். இதை விட்டுவிட்டால் இணையத்தில் வைத்த வீடியோ ஓடத் தொடங்கவே நேரம் பிடிக்கும், சில இடங்களில் முழுவதும் இறங்கிய பிறகுதான் ஓடும்.

வீடியோ தாளில் கோடெக் எச்.264. பத்து வருடம் பழைய ஃபோனிலும் ஓடுவது இதுதான். 10-பிட் என்று பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்துவிடாதீர்கள், பல டிவிகளிலும் ஃபோன்களிலும் கறுப்புத் திரைதான் வரும். என்கோடர் (சுருக்கி எழுதும் பகுதி) பிரீசெட்டை ஸ்லோ பக்கம் நகர்த்தினால் நேரம் கூடும், அதே தரத்துக்குக் கோப்பு சற்று சிறுக்கும். ப்ளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) வரை போவதில் பயனில்லை, பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

கான்ஸ்டன்ட் குவாலிட்டி என்ற நகர்த்தியில் இருக்கும் ஆர்எஃப் எண்தான் இந்த மென்பொருளின் இதயம். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 1080பிக்கு 20 முதல் 24, 720பிக்கு 19 முதல் 23 என்பது ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்லும் அளவு. 6 எண் ஏற்றினால் கோப்பு ஏறக்குறைய பாதியாகும். மேடைப் பேச்சில் பின்னணி அசையாது என்பதால் 23 தாராளம். ஆட்டம், மழை, கூட்டம் என்றால் 21. இதே எண்ணை எச்.265க்கோ ஏவி1க்கோ கொண்டுபோகாதீர்கள், அவற்றின் அளவுகோல் வேறு.

70 நிமிடத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருத்துவது வீண். மேலே ரேஞ்ச் என்பதை செகண்ட்ஸ் ஆக்கி 600 முதல் 660 வரை கொடுங்கள். ஒரு நிமிடத் துண்டு வரும். பேச்சாளர் கையை வீசும் இடமாகப் பார்த்து எடுப்பது நல்லது. சுருக்கத்தின் குறை அசைவில்தான் முதலில் தெரியும். முடி, துணியின் நெசவு, இருண்ட மூலைகள் மூன்றையும் பாருங்கள். வந்த துண்டின் அளவை 70ஆல் பெருக்கினால் முழுக் கோப்பின் அளவு கிடைத்துவிடும். 12 எம்பி வந்தால் 840 எம்பி. நொடிக்கு 1,600 கிலோபிட் என்ற கணக்கும் அதையே தரும்: 1,600ஐ 4,200 நொடியால் பெருக்கி 8ஆல் வகுத்தால் 8,40,000 கிலோபைட்.

ஆடியோ தாளில் ஏஏசி, பேச்சுக்கு மோனோ 96 போதும், இசை இருந்தால் ஸ்டீரியோ 160. பழைய டேப்பிலிருந்து எடுத்த வீடியோவில் அசைவின் ஓரங்களில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ். ஃபில்டர்ஸ் தாளில் டிஇன்டர்லேஸைப் போட்டால் போகும்.

கிராஃபிக்ஸ் அட்டையின் என்கோடர் பல மடங்கு வேகமாக முடிக்கும். ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெருக்கும். நேரடி ஒளிபரப்புக்கு அது சரி, பலர் இறக்கிப் பார்க்கப்போகும் கோப்புக்கு மென்பொருள் என்கோடரே சிறந்தது.

ஒலி மட்டும் தனியாகப் பகிர்வதானால் ஆடாசிட்டியின் வேவிலிருந்து ஓபஸ் மோனோ 32 கேபிபிஎஸ் எடுங்கள். 70 நிமிடமும் 17 எம்பிக்குள் அடங்கும், பேச்சு தெளிவாகவே கேட்கும். பழைய கருவிகளையும் எட்ட வேண்டுமென்றால் எம்பி3 மோனோ 64, அது 34 எம்பி.

தமிழ் வசன வரி

வசன வரியை (சப்டைட்டில்) வைக்கும் எஸ்ஆர்டி கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. எண், நேரம், வசனம், பிறகு ஒரு வெற்று வரி:

1
00:00:05,200 --> 00:00:08,900
அணை கட்டப்படுவதற்கு முன்
ஆறு இந்த வழியாகத்தான் ஓடியது.

நொடிக்கும் மில்லி நொடிக்கும் நடுவே கமா வர வேண்டும், புள்ளி அல்ல. கையால் தட்டெழுதுபவர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம் இது. ஒரு வசனத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு நொடிக்குக் குறைவாக வந்து மறைந்தால் படிக்க முடியாது. ஏழு நொடிக்கு மேல் நின்றால் மறுபடி படிக்கத் தோன்றும். சப்டைட்டில் எடிட்டில் ஒலியின் அலையைப் பார்த்துக்கொண்டே நேரத்தைப் பொருத்தலாம்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவினால் சரியாகிவிடும். ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாக வந்தால் கோப்பு யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தில் சேமிக்கப்படவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாகவும் இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றித்தான் தீர வேண்டும், எழுத்துருவை மட்டும் மாற்றினால் வராது.

வசனத்தைப் படத்தோடு சேர்த்துப் பொறிப்பதா, தனி ட்ராக்காக வைப்பதா? தனியாக வைத்தால் வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம், பிழை இருந்தால் எஸ்ஆர்டியை மட்டும் திருத்தலாம், தேடலிலும் எழுத்து அகப்படும். முடிந்தவரை அதையே செய்யுங்கள். அரட்டைச் செயலிகள் வழியாகப் போகும் நகலில் மட்டும் பொறிக்கலாம். அங்கே தனி ட்ராக் பெரும்பாலும் காணாமல் போகும். ஹேண்ட்பிரேக்கின் சப்டைட்டில்ஸ் தாளில் எஸ்ஆர்டியைச் சேர்த்து, எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று உறுதிசெய்து, பர்ன் இன் கொடுங்கள்.

வெளியிடுதல்

அனுப்பும் முன் மாஸ்டரையும் நகலையும் ஒரு முறை மீடியாஇன்ஃபோவில் பாருங்கள். ஃபோன் வீடியோக்களில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். வீட்டில் எடுத்ததென்றால் அது வீட்டு முகவரிதான். எக்ஸிஃப்டூல் அல்லது மேட்2 கொண்டு நீக்கலாம்.

ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ முழுத் தரத்தில் கொடுக்க சிங்க்திங் நல்லது. இடையில் சேவையகத்தில் கோப்பு தங்காமல் கணினிக்குக் கணினி போகும், சுருங்காது. இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பொதுவில் வைக்கப் பியர்டியூப். ஃபிராமாசாஃப்ட் என்ற பிரெஞ்சு லாப நோக்கற்ற அமைப்பு வளர்த்தது, 2018இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. ஒரே நிறுவனத்தின் தளமாக இல்லாமல், பலர் நடத்தும் தனித்தனித் தளங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரே வீடியோவைப் பலர் பார்க்கும்போது பார்ப்பவர்களின் உலாவிகளும் துண்டுகளைத் தங்களுக்குள் பகிர்வதால் சேவையகத்தின் சுமை குறையும். கணக்குத் தொடங்கும் முன் அந்தத் தளத்தின் விதிகள், ஒருவருக்கு எத்தனை ஜிபி என்ற வரம்பு, யார் நடத்துகிறார்கள் என்பதைப் படியுங்கள். பியர்டியூப் தளங்கள் நீங்கள் ஏற்றியதைப் பொதுவாகத் தாங்களே மறுபடி சுருக்கிப் பல அளவுகளில் வைக்கும். ஆகவே ஆர்எஃப் 23 நகலை அங்கே ஏற்றாதீர்கள், மாஸ்டரிலிருந்து ஆர்எஃப் 18இல் ஒன்று எடுத்து ஏற்றுங்கள். எஸ்ஆர்டியைத் தனியாகச் சேர்க்க இடம் உண்டு.

நெடுங்காலம் இருக்க வேண்டிய பதிவு என்றால் இன்டர்நெட் ஆர்கைவ். அதுவும் தானே சிறிய நகல்களை உருவாக்கிக்கொள்ளும், நல்ல தரத்தில் கொடுங்கள். ஏற்றும்போது கேட்கும் அடையாளப் பெயரை அவசரத்தில் ஏதோ ஒன்றாக வைத்துவிட்டால் பிறகு நீங்களாக மாற்ற முடியாது. விக்கிப்பீடியாவுக்கான ஊடகக் கோப்புகள் இருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4ஐ ஏற்பதில்லை. விபி9 அல்லது ஏவி1 படமும் ஓபஸ் ஒலியும் கொண்ட வெப்எம் வேண்டும், ஹேண்ட்பிரேக்கில் பெட்டியை வெப்எம் என்று மாற்றி எடுக்கலாம்.

உரிமத்தைப் பக்கத்திலும் வீடியோவின் முடிவிலும் எழுதுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட்டால் போதும் என்றால் சிசி பிஒய், மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்றால் சிசி பிஒய்-எஸ்ஏ. பின்னணியில் போட்ட இசை உங்களுடையது இல்லையென்றால் அதன் உரிமம் இதற்கு இடம்கொடுக்கிறதா என்று பார்த்த பிறகு எழுதுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்ற இசையைச் சேர்த்துவிட்டு மொத்தத்துக்கும் சிசி பிஒய் போட முடியாது. காமன்ஸில் அப்படிப்பட்ட கோப்பு நீக்கப்பட்டுவிடும்.

ஏற்றியபின் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு ஃபோனில், மொபைல் இணையத்தில் திறந்து பாருங்கள். தொடக்கம் சரியாக இருக்கும். நேராக 60ஆவது நிமிடத்துக்குத் தாவி உதட்டசைவையும் வசன வரியையும் சரிபாருங்கள், விலகல் இருந்தால் அங்கேதான் தெரியும். பிறகு இடைநிலைக் கோப்பையும் பிராக்ஸிகளையும் அழித்துவிட்டு, ஃபோனின் மூலம், ரெக்கார்டரின் வேவ், திட்டக் கோப்புகள், மாஸ்டர், எஸ்ஆர்டி ஆகியவற்றை இரண்டு வட்டுகளில் வையுங்கள்.